வன்னியிலிருந்து ஒரு சிறுநீரகக் கலம் உயிரோடு போய்ச் சேர

இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள வவுனியாவிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 255 கிலோமீற்றர். வாகனத்தில் ஐந்தாறு மணித்தியாலம். நெல் மூட்டைக்கு இது ஒரு தூரமே இல்லை. ஒருவரின் சிறுநீரோடு உதிர்ந்து வந்த சிறுநீரகக் கலத்துக்கோ, அந்த ஐந்தாறு மணித்தியாலத்துக்குள் ஆயுள் முடிந்துவிடலாம். பக்குவமாகப் பொதிசெய்து அனுப்பினால் அதே கலம் கொழும்பையும் தாண்டி, வேறொரு நாட்டு ஆய்வுகூடத்தில் மாதக்கணக்கில் வளரும். எது நடக்கும் என்பதை அநேகமாகத் தீர்மானிப்பவை பெட்டிக்குள் இருக்கும் வெப்பநிலையும், பெட்டி கைமாறும் இடங்களில் வீணாகும் நிமிடங்களும்தான்.

இப்படிக் கலம் அனுப்புவது வன்னிக்கு ஏன் தேவை என்பதற்கு ஒரே காரணம் போதும்: காரணம் இன்னும் தீர்க்கமாகக் கண்டறியப்படாத அந்த நாட்பட்ட சிறுநீரக நோய். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த நோய் மாகாண எல்லையோடு நின்றுவிடவில்லை. வவுனியா மாவட்டமும் பாதிக்கப்பட்ட பிரதேசங்களில் ஒன்று. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாமல், வயலிலும் தோட்டத்திலும் உழைக்கிறவர்களுக்கு இது வருகிறது. முதலில் பழுதாவது குருதியை வடிக்கும் கலன்கோளம் அல்ல, அதற்கு அடுத்துள்ள நுண்குழாய்களும் அவற்றைச் சுற்றிய இழையமும். அதனால் ஆரம்பத்தில் சிறுநீரில் புரதம் பெரிதாகக் கசியாது. ஆள் வைத்தியசாலைக்கு வரும்போது நோய் பலபடி முன்னேறியிருக்கும். கிணற்று நீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல்நீர் வற்றுதல் எனச் சந்தேகங்கள் பல உண்டு. இவற்றில் எது, எந்த அளவில், எதோடு சேர்ந்து நுண்குழாயைக் கெடுக்கிறது என்பதை மனிதரில் சோதிக்க முடியாது. எலியின் சிறுநீரகம் சொல்லும் பதில் மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்ற உறுதியும் இல்லை.

ஓர்கனொயிட் உதவுவது இந்த இடத்தில்தான். வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய குருத்துக் கலங்களை ஒரு புரதக் கூழுக்குள் வைத்து, தேவையான வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்தால், அவை தாமாகவே கூடி ஓர் உறுப்பின் அமைப்பைச் சிறிய அளவில் கட்டிக்கொள்ளும். 2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு, எலிக்குடலின் ஒற்றைக் குருத்துக் கலத்திலிருந்து இப்படி ஒரு சிறுகுடல் அமைப்பை வளர்த்துக் காட்டியது. 2013இல் மூளைக்கும் 2015இல் குருத்துக் கலங்களிலிருந்து சிறுநீரகத்துக்கும் இது நடந்தது. வன்னிக்கு மிக நெருக்கமானது 2019இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு. அதில் சிறுநீரகத் துண்டிலிருந்து மட்டுமல்லாமல் சிறுநீரில் உதிரும் கலங்களிலிருந்தும் நுண்குழாய் ஓர்கனொயிட்களை வளர்த்தார்கள். ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம். செட்டிகுளத்து விவசாயி ஒரு போத்தலில் சிறுநீர் கொடுத்தால், அவருடைய நுண்குழாயின் சாயலையே ஆய்வுகூடத்தில் வளர்த்து, அவர் குடிக்கும் கிணற்று நீரையே அதன்மேல் சோதித்துப் பார்க்க வழி உண்டு. அந்தப் போத்தலிலுள்ள கலம் உயிரோடு போய்ச் சேர்ந்தால் மட்டும்.

கலத்துக்கு ஆபத்தில்லாத இடங்கள்

வெப்பமானியில் கலத்துக்கு மூன்று புகலிடங்கள்தான் உள்ளன. ஒன்று, அறை வெப்பநிலை முதல் உடற்சூடான 37 பாகை செல்சியஸ் வரை. அங்கே கலம் உயிரோட்டத்தோடு இருக்கும். உண்ணும், கழிவு விடும், ஆகவே நாள் எண்ணித்தான் வைத்திருக்கலாம். இரண்டு, 2 முதல் 8 பாகை. அங்கே கலம் அடங்கிக் கிடக்கும். மணித்தியாலக் கணக்கில், கூடினால் ஓரிரு நாள் தாங்கும். மூன்று, −135 பாகைக்கும் கீழே. அங்கே நீர் கண்ணாடிபோல் இறுகி, மூலக்கூறுகள் நகர முடியாமல் நின்றுவிடும்; வருடக்கணக்கில் வைக்கலாம். இந்த மூன்றுக்கும் இடையிலுள்ளதெல்லாம் ஆபத்து. 0 பாகைக்குக் கீழே நீர் பளிங்காகும். −135க்கு மேலே எந்த இடத்திலும் அந்தப் பளிங்குகள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, மென்சவ்வைக் கிழிக்கும். மறுபுறம் 40 பாகைக்கு மேலே புரதங்கள் குலையும். வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வாகனத்தின் உட்புறம் 50 பாகையைத் தாண்டுவது வன்னியில் சாதாரணம்.

கலம் ஒரு புகலிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எவ்வளவு வேகமாக, எந்தத் துணையோடு கடக்கிறது என்பதே இந்தத் தொழிலின் முழு வேலையும். அனுப்பும் பெட்டி என்பது அந்தப் புகலிடத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு போகும் ஏற்பாடு.

போத்தலிலிருந்து முதல் நான்கு மணித்தியாலம்

சிறுநீர் கலத்துக்கு உகந்த இடமல்ல. உவர்ப்பு கூடியும் குறைந்தும் வரும், அமிலத்தன்மை உண்டு, யூரியா உண்டு. குருதியின் பிரசாரண அடர்த்தி (கரைந்த பொருள்களின் செறிவு, மில்லியொஸ்மோலில்) 290 அளவில் நிற்கும்போது, நீர் வற்றிய உடலிலிருந்து வரும் சிறுநீரில் அது 1000ஐத் தாண்டலாம். சோளகம் வீசும் மாதங்களில் காலை முழுக்க வயலில் நின்றவரின் மஞ்சள் கடுத்த சிறுநீரில் கலம் சுருங்கிச் சாகும். சிறுநீரகத்தைக் கெடுப்பதாகச் சந்தேகிக்கப்படும் அதே வெயிலும் தாகமும்தான் மாதிரியையும் கெடுக்கின்றன. ஆகவே மாதிரி எடுக்கும் நாளில் ஆட்களுக்குக் காலையிலேயே தண்ணீர் கொடுக்க வேண்டும். எழும்பியதும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும். இரவெல்லாம் பையில் கிடந்த கலங்களில் பெரும்பாலானவை செத்திருக்கும். இரண்டாவது முறை போகும்போது முதற் துளிகளைத் தவிர்த்து, மிச்சத்தைக் கிருமிநீக்கிய போத்தலில் எடுப்பதுதான் சரி. 100 முதல் 200 மில்லிலீற்றர் வரை தேவை. அவ்வளவு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: 100 மில்லிலீற்றரில் பிரிந்து பெருகக்கூடிய கலங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

அத்தனை குறைவாக இருப்பதால்தான் இந்த மாதிரியை உடனே உறையவைத்து அனுப்புவது பிழை. நன்றாகச் செய்த உறைவிலும் ஒரு பங்கு கலம் சாகும். பத்து இலட்சம் இருக்கும் குழாயில் அந்த இழப்பு தெரியாது. பத்தே பத்து இருக்கும் குழாயில் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

எடுத்த இடத்திலிருந்து சென்ட்ரிபியூஜ் (வேகமாகச் சுழற்றிக் கலங்களை அடியில் படியவைக்கும் பொறி) இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக நான்கு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. முல்லைத்தீவில் எடுத்தது ஏ34 வழியாக மாங்குளத்துக்கு வந்து, ஏ9இல் ஏறி வவுனியாவுக்கு வர இந்த நேரம் தாராளமாகப் போதும், கொழும்புக்குப் போதாது. அதனால் முதற் சுழற்சியை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ செய்துவிட வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. 50 மில்லிலீற்றர் குழாய்களில் 400 மடங்கு புவியீர்ப்பில் 10 நிமிடம் சுழற்றினால் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு படிவு நிற்கும். மேல்நீரைக் கவிழ்த்து ஊற்றினால் அந்தப் படிவும் சேர்ந்து போய்விடும். ஆகவே ஒரு மில்லிலீற்றரை அடியில் விட்டு மெதுவாக உறிஞ்சி எடுக்க வேண்டும். பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின், பூஞ்சைக்கு அம்போட்டெரிசின் சேர்த்த பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலால் ஒரு தடவை கழுவி, திரும்பவும் சுழற்றி, சில மில்லிலீற்றர் குளிர்ந்த ஊடகத்தில் (கலத்துக்கு ஊட்டம் தரும் திரவத்தில்) விட்டால், அதே கலம் சிறுநீரில் இருப்பதைவிட எத்தனையோ மணித்தியாலம் கூடுதலாகத் தாங்கும். ஒரு சிறு மேசைச் சென்ட்ரிபியூஜும் கிருமி புகாத வேலைப்பெட்டியும் இருந்தால் இதைச் செய்யலாம். பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை.

சிறுநீரகத் துண்டு எடுக்கப்படும் நேரத்திலும் கணக்கு இதேதான். அரிசியளவு துண்டானாலும் குருதியோட்டம் நின்ற கணத்திலிருந்து ஒட்சிசன் இன்றி மூச்சடைக்கும். எடுத்தவுடன் குளிர்ந்த ஊடகத்தில் போட வேண்டும். வெறும் உப்புநீரில் போட்டு, மேசையில் வைத்துவிட்டுப் படிவம் நிரப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. குளிரில் மென்சவ்வின் சோடியப் பம்பி நின்றுவிடுவதால் கலத்துக்குள் சோடியமும் அதோடு நீரும் புகுந்து கலம் வீங்கும். இதற்காகவே, மாற்று உறுப்புகளைப் பாதுகாக்க 1980களில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கரைசலில், கலத்தின் உட்புறத்தை ஒத்த பொற்றாசியமும் மென்சவ்வைத் தாண்ட முடியாத பெரிய மூலக்கூறுகளும் சேர்க்கப்பட்டன. துண்டை 24 மணித்தியாலத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டுமென்றால் அப்படியான கரைசல்தான் வேண்டும்.

ஐஸ் பெட்டியில் நடக்கும் பிழை

குளிர்ச்சியாகக் கொண்டுபோவது என்றதும் எல்லோரும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸைக் கொட்டுகிறார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் போவதைப் பார்த்துப் பழகிய கைக்கு அது இயல்பு. மீனுக்கு அது சரி. உறைந்தாலும் மீன் கெடாது. கலம் கெடும். −20 பாகை உறைபெட்டியிலிருந்து நேரே எடுத்த ஐஸ் பக்கெற் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால், தொட்ட பக்கம் சில நிமிடங்களில் உறையும். பாதுகாப்புத் திரவம் இல்லாமல் உறைந்த கலம் தப்பாது.

இதற்கு மருந்து வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. கிராமத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி கொண்டுபோகும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு இது தெரிந்த விடயம். உறைந்த ஐஸ் பக்கெற்றை வெளியில் எடுத்து மேசையில் வைத்து, மேற்பரப்பில் வியர்வை கட்டி, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் பக்கெற்றின் வெப்பநிலை 0 பாகையில் நிற்கிறது என்று பொருள். ஐஸ் முழுக்கக் கரையும்வரை அது 0இலிருந்து நகராது. வன்னிச் சூட்டில் இதற்கு அரை மணித்தியாலம் அளவில் ஆகும். அதற்குப் பிறகும் குழாய்க்கும் பக்கெற்றுக்கும் இடையில் தடித்த அட்டையோ பஞ்சுத் துணியோ இருக்க வேண்டும். வெப்பநிலைப் பதிவுக் கருவியின் நுனியைப் பெட்டியின் சுவரில் ஒட்டாமல், குழாய்களுக்கு நடுவே, அதே அளவு நீர் நிரப்பிய இன்னொரு குழாய்க்குள் விட வேண்டும். சுவரின் வெப்பநிலையை அறிந்து பயனில்லை.

நைதரசன் வன்னிக்குப் புதிதல்ல

சிறுநீரிலிருந்து எடுத்த கலம் வளர்ந்து பெருகி, இலட்சக்கணக்கில் ஆனபின்தான் உறைய வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். உறைதலில் இரண்டு பக்கமும் பள்ளம் உண்டு. மிக மெதுவாகக் குளிர்த்தினால், வெளியே உள்ள நீர் முதலில் பனியாகி, மிஞ்சும் திரவத்தில் உப்புச் செறிந்து, கலத்திலிருந்து நீர் வெளியேறிக் கலம் வற்றிச் சாகும். மிக வேகமாகக் குளிர்த்தினால், நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே பனி கட்டும். பீற்றர் மஸூர் 1970களின் தொடக்கத்தில் இதை விளக்கினார். பாலூட்டிகளின் பெரும்பாலான கலங்களுக்கு நடுவழி நிமிடத்துக்கு 1 பாகை. குழாய்களை ஐசோபுரோப்பனோல் சூழ்ந்த பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்து, அதை −80 பாகை உறைபெட்டியில் ஓர் இரவு விட்டால் அநேகமாக அந்த வேகம் வந்துவிடும். அந்த அற்ககோலை ஐந்து தடவைக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், நீர் கலந்து வேகம் பிசகும்.

உறையவைக்கும் கரைசலில் 10 வீதம் டி.எம்.எஸ்.ஓ. இருக்கும். அது கலத்துக்குள் புகுந்து பனிப் பளிங்குகளைத் தடுக்கும். ஆனால் சூட்டில் அதுவே நஞ்சு. நீரோடு கலக்கும்போது வெப்பத்தையும் வெளியிடும். ஆகவே கலவையை முன்கூட்டியே தயாரித்து ஐஸில் குளிர்த்தி, பிறகே கலங்களில் சேர்க்க வேண்டும். சேர்த்ததிலிருந்து பத்து நிமிடத்துக்குள் குழாய் உறைபெட்டிக்குள் போய்விட வேண்டும். குளிரூட்டி வேலை செய்யாத நாளில், 33 பாகை அறையில் இருபது குழாயை ஒரே தடவையில் நிரப்ப முயல்வது கடைசி ஏழெட்டுக் குழாயையும் பலிகொடுப்பதற்குச் சமம். ஐந்து ஐந்தாகச் செய்யலாம். ஒரு குழாயில் 1 மில்லிலீற்றருக்குப் பத்து இலட்சம் கலம் என்பது வழமையான அளவு. ஓர்கனொயிட்களாக உறையவைப்பதென்றால் பெரியவற்றை அப்படியே வைக்கக் கூடாது, நடுப்பகுதிக்குள் டி.எம்.எஸ்.ஓ. சமமாகப் புகாது. உடைத்துச் சிறு துண்டங்களாக்கி, ஓரிரு நாள் வளரவிட்டுப் பின் உறைய வைப்பது நல்லது.

அடுத்த நாள் அந்தக் குழாய் திரவ நைதரசனின் ஆவிக்குள் போக வேண்டும். −80 போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. மேலே சொன்ன −135 என்ற எல்லைக்கு அது மிக உயரத்தில் இருக்கிறது. கிழமைகள் போகப் போகப் பளிங்குகள் பெருக்கும். வன்னிக்கு இன்னொரு காரணமும் உண்டு. −80 உறைபெட்டி மின்சாரத்தை நம்பியது. ஒரு நீண்ட மின்வெட்டும் பழுதான ஜெனரேற்றரும் சேர்ந்தால் ஒரு வருட வேலை உருகிப்போகும். நைதரசன் கொள்கலனுக்கு மின்சாரமே வேண்டாம். நேரத்துக்கு நிரப்பினால் போதும்.

நைதரசன் கொள்கலன் என்றால் ஏதோ கொழும்பில் மட்டும் இருப்பது என்று நினைக்க வேண்டியதில்லை. மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்யும் கால்நடை வைத்திய அலுவலகங்களில், உறைந்த விந்துக் குழல்கள் −196 பாகைத் திரவ நைதரசனில்தான் இருக்கின்றன. இந்தத் துறையே அங்கிருந்துதான் பிறந்தது: 1949இல் இங்கிலாந்தில் கிளிசரோல் சேர்த்துச் சேவல் விந்தை உறைய வைத்து உயிரோடு மீட்டதே உறைவுப் பாதுகாப்பின் தொடக்கம். டி.எம்.எஸ்.ஓ. அதற்குப் பத்து வருடம் கழித்து வந்தது. கொள்கலனின் கழுத்துக்கு மேலே குழலை உயர்த்தாமல் இடுக்கியால் எடுக்கும் கைப்பழக்கம், ஒரு குச்சியை அடிவரை விட்டுச் சில விநாடி பிடித்து, வெளியே எடுத்து ஆட்டி, வெள்ளையாகப் பூக்கும் உறைபனிக் கோட்டின் உயரத்தைப் பார்த்து மட்டம் அளக்கும் பழக்கம், இரண்டும் மனிதக் கலத்துக்கும் அப்படியே பொருந்தும். கலத்துக்கு ஒரு வித்தியாசம் உண்டு. குழாயைத் திரவத்துக்குள் அமிழ்த்தாமல் ஆவியில் வைக்க வேண்டும். மூடி சரியாக இறுகாத குழாய்க்குள் திரவம் புகுந்தால், எடுத்துச் சூடாக்கும்போது அது ஏறத்தாழ 700 மடங்கு விரிந்து குழாய் வெடிக்கும். முகக்கவசம் இல்லாமல் யாரும் குழாயை வெளியே எடுக்கக் கூடாது.

நெடுந்தூரம் அனுப்புவதற்குரியது உலர் கொள்கலன். சுவரில் உள்ள பஞ்சு போன்ற பொருள் நைதரசனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கவிழ்ந்தாலும் கொட்டாது, நன்றாக நிரப்பி நிமிர்த்தி வைத்தால் பத்து நாள் அளவுக்கு −150க்குக் கீழே நிற்கும். நிரப்புவதில் அவசரம் கூடாது. ஊற்றி, உறிஞ்சவிட்டு, திரும்ப ஊற்றி, ஒரு நாள் முழுக்க இப்படிச் செய்து, மிஞ்சிய திரவத்தைக் கவிழ்த்து ஊற்றி, நிறுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த நாளும் நிறுக்க வேண்டும். வழமையைவிடக் கூடுதலாகப் பாரம் குறைந்திருந்தாலோ, வெளிப்புறம் வியர்த்திருந்தாலோ, சுவரின் வெற்றிடம் போய்விட்டது. அந்தக் கொள்கலனை நம்பக் கூடாது. குண்டும் குழியுமான உள்வீதிகளில் அடிபட்டுத்தான் இது அநேகமாகப் பழுதாகும். வாகனத்தில் கிடத்தி ஏற்றினாலும் நாட்கள் பாதியாகக் குறையலாம்.

உலர் கொள்கலன் கிடைக்காதபோது உலர் ஐஸ், அதாவது திண்மக் காபனீரொட்சைட்டு. அது −78.5 பாகை. சில நாள் பயணத்துக்கு ஏற்கத்தக்கது, சேமிப்புக்கு அல்ல. வழமையான ரெஜிபோம் பெட்டியில் நாளொன்றுக்கு 2 முதல் 5 கிலோகிராம் வரை ஆவியாகும். வன்னிச் சூட்டுக்கு மேல் அளவையே கணக்கில் எடுத்து, பயண நாட்களோடு இரண்டு நாள் கூட்டிப் போட வேண்டும். பெட்டியை ரேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டினால் வாயு சேர்ந்து பெட்டி வெடிக்கும். 1 கிலோகிராம் உலர் ஐஸ் 500 லீற்றருக்கும் மேலான வாயுவாகும் என்பதைச் சாரதிக்குச் சொல்லியே ஆக வேண்டும். வெயிலுக்குக் கண்ணாடியை மூடி, ஏசியை உட்காற்றில் ஓடவிட்டுப் போகும் வாகனத்தில் இது உயிராபத்து. கண்ணாடி சிறிது திறந்திருக்க வேண்டும், பெட்டி பின்னால் இருக்க வேண்டும். மூடி தளர்ந்த குழாய்களுக்குள் அந்த வாயு புகுந்து ஊடகத்தை அமிலமாக்குவதும் உண்டு. உருக்கியதும் ஊடகம் மஞ்சளாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

உயிரோடு அனுப்புவது

சில ஓர்கனொயிட்களை வழமையான முறையில் உறையவைப்பது கடினம். மில்லிமீற்றர் கணக்கில் வளர்ந்த மூளை ஓர்கனொயிட்டுக்குக் குருதிக் குழாய் இல்லை. ஒட்சிசன் வெளியிலிருந்து ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கு ஆழம் வரைதான் ஊறும். டி.எம்.எஸ்.ஓ.வும் நடுப்பகுதிக்குள் சமமாகப் புகாது. இப்படியானவற்றை வளரும் நிலையிலேயே அனுப்ப வேண்டும்.

ஆய்வுகூடத்தில் ஊடகத்தின் பி.எச்.ஐ 7.4இல் பிடித்து வைப்பது இன்கியூபேற்றரின் 5 வீதக் காபனீரொட்சைட்டு. வெளியே எடுத்ததும் அந்த வாயு பறந்து ஊடகம் காரமாகும், சிவப்பு நிறம் ஊதாவுக்கு மாறும். இதைத் தடுக்க 15 முதல் 25 மில்லிமோலர் ஹெப்பெஸ் என்னும் தாங்கற் பொருளைச் சேர்த்து, காற்றுத் துளையில்லாத மூடியுள்ள பிளாஸ்கைக் கழுத்துவரை ஊடகத்தால் நிரப்பி, மூடியை இறுக்கிச் சுற்றி ஒட்ட வேண்டும். பாதி நிரப்பிய பிளாஸ்கில் வாகனம் குலுங்கும்போது ஊடகம் அலையடித்து நுரைத்துக் கலத்தைச் சிதைக்கும். முழுக்க நிரம்பியதில் அசைய இடமில்லை. 37 பாகையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. 20 முதல் 25 பாகையில் கலம் மெதுவாக உண்ணும், கழிவும் குறையும். வன்னியில் அந்தக் குளிர்ச்சியைப் பெறுவதே சிரமம் என்பதால், 22 பாகையில் உருகும் மெழுகுப் பக்கெற்றுகள் வேண்டும். ஐஸ் பக்கெற்றை வைத்துச் சமாளிப்பது அபாயம்.

கூழின் கதை வேறு. ஓர்கனொயிட் வளர்க்கும் மற்றிஜெல் எலியின் ஒரு கட்டியிலிருந்து எடுக்கும் புரதக் கலவை. 4 பாகையில் நீர்போல் ஓடும், 10 பாகை தாண்டினால் இறுகத் தொடங்கும், ஒருமுறை இறுகினால் எளிதில் திரும்ப இளகாது. ஐரோப்பிய ஆய்வுகூடத்து 20 பாகை அறையில் எழுதிய குறிப்பை அப்படியே பின்பற்றினால், வவுனியாவில் அது பிப்பெற்றின் நுனிக்குள்ளேயே இறுகிப்போகும். −20இலிருந்து எடுத்த போத்தலை, ஐஸ் நிரப்பிய பாத்திரத்தில் வைத்து அந்தப் பாத்திரத்தோடேயே குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு விட வேண்டும். பிப்பெற் நுனிகளும் குழாய்களும் முன்தினமே உறைபெட்டியில் இருக்க வேண்டும். அதற்கு மாறாக, கூழை இறக்கும் தட்டு மட்டும் 37 பாகையில் சூடாகக் காத்திருக்க வேண்டும். அப்போதுதான் 30 முதல் 50 மைக்ரோலீற்றர் துளி பரவாமல் குமிழாக நிற்கும்.

பொதியும் தாள்களும்

மனித மாதிரிக்கு மூன்றடுக்குப் பொதி: கசியாத குழாய், அதைச் சுற்றி முழுத் திரவத்தையும் உறிஞ்சும் அளவு பஞ்சு, கசியாத இரண்டாம் கொள்கலன், வெளியே கடினமான பெட்டி. விமானத்தில் போவதென்றால் உள் அடுக்குகளில் ஒன்று 95 கிலோபஸ்கால் அமுக்க வேறுபாட்டைத் தாங்க வேண்டும். பி வகுப்பு உயிரியல் பொருளென்றால் பெட்டியில் யூ.என். 3373 என்ற சாய்சதுரக் குறியும், உலர் ஐஸ் இருந்தால் யூ.என். 1845 என்பதும் அதன் நிறை கிலோகிராமிலும் எழுதப்பட வேண்டும். சாதாரணப் பேனாவால் குழாயில் எழுதிய பெயர் அற்ககோல் பட்டதும் அழியும், காகித ரேப் நைதரசனில் கழன்று விழும். பெயரற்ற குழாய் எத்தனை உயிரோடிருந்தாலும் பயனில்லை.

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பொருட்கள் கைமாற்ற ஒப்பந்தமும் பெட்டிக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். சம்மதப் படிவம் வாசிக்கத்தக்க தமிழில் இருக்க வேண்டும். இந்தக் கலங்கள் ஒரு நாள் சோதனையோடு முடிபவை அல்ல, வருடக்கணக்கில் வளர்க்கப்படலாம், வேறு ஆய்வுகூடங்களுக்குக் கொடுக்கப்படலாம் என்பதை அதில் ஒளிக்காமல் எழுத வேண்டும். எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்ப வந்து ஒன்றும் சொல்லவில்லை என்ற மனக்குறை இந்த மண்ணில் ஏற்கெனவே நிறைய உண்டு.

அனுப்பும் நாள் திங்கள் அல்லது செவ்வாய். வெள்ளியில் போகும் பெட்டி ஏதோவொரு களஞ்சியத்தில் இரண்டு நாள் காத்திருக்கும். இங்கே போயா விடுமுறையையும் பார்க்க வேண்டும், போய்ச் சேரும் நாட்டின் விடுமுறையையும் பார்க்க வேண்டும். பெறுகிறவரின் கைப்பேசி இலக்கம் பெட்டியின் வெளியே இருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தபின்

உயிரோடு போன பிளாஸ்கை உடனே திறந்து ஊடகம் மாற்றும் ஆவலை அடக்க வேண்டும். வெளிப்புறத்தை 70 வீத அற்ககோலால் துடைத்து, நுணுக்குக்காட்டியில் ஒருமுறை பார்த்து, மூடியபடியே 37 பாகையில் சில மணித்தியாலம் விட்டு, பிறகே மேலதிக ஊடகத்தை எடுத்து, கலங்களை வழமையான அளவு ஊடகத்தில் விட வேண்டும். எடுத்ததை ஊற்றிவிடக் கூடாது, முதல் ஓரிரு நாள் புதிய ஊடகத்தோடு கலப்பதற்குத் தேவைப்படும்.

உறைந்த குழாயை 37 பாகை நீரில் ஒன்று முதல் இரண்டு நிமிடம் ஆட்டி, உள்ளே ஒரு சிறு பனித்துண்டு மிஞ்சும்போதே எடுக்க வேண்டும். உறைவது மெதுவாக, உருகுவது வேகமாக. வெதுவெதுப்பான 10 மில்லிலீற்றர் ஊடகத்தைத் துளித் துளியாகச் சேர்க்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் வெளியே டி.எம்.எஸ்.ஓ. குறைந்து, நீர் உள்ளே பாய்ந்து கலம் வெடிக்கும். பிறகு 200 முதல் 300 மடங்கு புவியீர்ப்பில் 5 நிமிடம் சுழற்றி, குருத்துக் கலமென்றால் முதல் நாளுக்கு 10 மைக்ரோமோலர் ரொக் தடுப்பியோடு விதைக்க வேண்டும். தனித்துவிடப்பட்ட குருத்துக் கலம் தன்னைத்தானே மாய்த்துக்கொள்வதை அது தடுக்கும். முதல் இரண்டு கிழமையும் வேறு இன்கியூபேற்றரில். மைக்கோபிளாஸ்மா (கண்ணுக்குத் தெரியாமல் கல வளர்ப்புகளில் தொற்றும் நுண்கிருமி) இல்லை என்று சோதனை வந்தபின்தான் மற்றக் கலங்களோடு சேர்க்கலாம்.

உருக்கிய உடனே நீலச் சாயம் ஏற்றி எண்ணி, 90 வீதம் உயிரோடிருக்கிறது என்று எழுதி அனுப்புவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்த எண் ஏமாற்றும். குளிரில் காயப்பட்ட கலம் உடனே சாகாது. அதன் மென்சவ்வு இன்னும் சாயத்தை உள்ளே விடாமல் நிற்கும். சாவு 24 மணித்தியாலத்துக்குள் மெல்ல வரும். அடுத்த நாள் ஒட்டிப்பிடித்து நிற்பவை எத்தனை, ஒரு கிழமைக்குப் பிறகு கூழுக்குள் உருண்டை கட்டியவை எத்தனை என்ற இரண்டுமே உண்மையான கணக்கு.

அந்த இரண்டு எண்ணும், பெட்டியோடு போன பதிவுக் கருவியின் வெப்பநிலைக் கோடும் சேர்ந்து வவுனியாவுக்குத் திரும்பி வர வேண்டும். கோடு எங்கே மேலே எழும்பியது, எத்தனை மணிக்கு என்று பார்த்தால், அந்த நேரம் பெட்டி மதவாச்சியில் தேத்தண்ணீருக்கு நிறுத்திய வாகனத்தில் இருந்ததா, கட்டுநாயக்கவில் வெயிற்படும் மேடையில் இருந்ததா என்று சொல்லிவிடலாம். அடுத்த பெட்டிக்கு ஐஸ் பக்கெற் கூட்டுவதா, சாரதியோடு பேசுவதா, விமானத்தை மாற்றுவதா என்பது அப்போதுதான் தெரியும்.